இடஞ்சுழி

இரவு ஒன்றரை. செந்தூல், நான்காவது மாடி.
பாத்திரத் தொட்டிக்கு அடியில்
மல்லாந்து கிடக்கிறேன்.
கைப்பேசி வெளிச்சம் சோப்புத்தூள் பாக்கெட்டில் சாய்ந்து
என் மூக்கின் நிழலைச் சுவரில் மலையாக்குகிறது.

மூன்று நாள் தண்ணீர் வெட்டு முடிந்து
மாலைதான் குழாய் இருமியது.
இருமலோடு கழுத்தில் ஒரு விரிசல்.
புதுக்குழாய் இருபத்தெட்டு ரிங்கிட்,
இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்
மணப்பெண் போல் தலைகுனிந்து காத்திருக்கிறது.

பூச்சோங்கிலிருந்து அண்ணன், ஸ்பீக்கரில், கொட்டாவியோடு:
"வலம் இறுகும், இடம் தளரும். அவ்ளோதான் லோகா."

யாருடைய வலம்?

குழாய் மேலே நிமிர்ந்து நிற்கிறது.
நான் அதன் அடிவயிற்றைப் பார்த்துக் கிடக்கிறேன்.
போகட்டும் என்று, அதற்கு எது இடமோ
அந்தப் பக்கமே திருப்பினேன்.
நட்டு முனகியது.
இன்னும் கொஞ்சம் திருப்பினேன்.
கட்டைவிரல் ரேகைகள் ஸ்பேனரில் அச்சாகும்வரை
விடாமல் இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்,
கழற்றுவதாக நினைத்து.

இது எனக்குப் பழக்கம்தான்.
சௌக்கிட்டில் வாங்கிய பழைய சைக்கிள்,
இடது பெடல்.
அரைமணி நேரம் அதன்மேல் ஏறி நின்றேன்,
எண்ணெய் விட்டேன், ஒருமுறை கெஞ்சிக்கூடப் பார்த்தேன்.
கடைக்காரர் ஹோக் செங் வடையைக் கீழே வைக்காமல்
"கிரி தெர்பாலிக்லா" என்றார்.
இடது மட்டும் தலைகீழ்.
மிதிக்க மிதிக்கக் கழன்று விழாதிருக்க
அதற்கு மட்டும் மரையை எதிர்ப்பக்கம் வெட்டியிருக்கிறார்கள்.
ஓடுகிற ஒன்றைக் கழலாமல் வைத்திருக்க
இவ்வளவு முன்யோசனை.
என் கல்யாணத்துக்கு யாரும் இப்படி மரை வெட்டவில்லை.

மற்றபடி இந்த ஊரில்
சாலை வட்டத்துக்கும் கோயில் பிரகாரத்துக்கும் ஒரே சட்டம்:
வலமாகச் சுற்று.
தப்பினால் ஓரிடத்தில் சம்மன்,
இன்னோரிடத்தில் குருக்களின் பார்வை.

அண்ணனுக்குத் தெரியாத மரை கிடையாது.
பதினேழு வருடம் ஏர்கான் வேலை.
செம்புக்குழாய் பற்றவைக்கிற கேஸ் சிலிண்டரில்
மரை தலைகீழ் என்பதை
இருட்டில், கையுறையோடு, சிகரெட் இல்லாத கோபத்தோடும்
கை தானாகச் செய்யும்.

அவன்தான் செராஸ் சுடுகாட்டில்
தோளில் பானையோடு
அப்பாவை வலமாகச் சுற்றக் கிளம்பினான்.
இரண்டே எட்டு.
பூசாரி முழங்கையைப் பிடித்து, மெதுவாக,
"தம்பி, இன்னைக்கு இடமா."

நின்றான்.
முதல் துளை இன்னும் போடவில்லை.
ஆனாலும் பானை தளும்பி
அவன் முதுகு நனைந்துகொண்டிருந்தது.
எந்தப் பக்கம் என்று தெரியாத ஆளைப்போல
என்னைப் பார்த்தான்.
நான் கையை அசைத்துக் காட்டினேன்.
எதிரே நின்றதால் என் கை
அவனுக்கு மறுபக்கமாகத்தான் தெரிந்திருக்கும்.
எப்படியோ சரியாகத் திரும்பினான்.
மூன்று சுற்று. மூன்று துளை.
அப்புறம் பின்னால் போட்டுவிட்டுத்
திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.
அதைப்பற்றி நாங்கள் பேசியதில்லை.

"லோகா, இருக்கியா?"
"இருக்கேன்."
"குழாயப் பாக்காத. நட்டப் பாரு.
நட்டுக்கு நேரா உன் மூஞ்சி இருக்கா?
அப்ப உன்னோட இடம்தான் கணக்கு."

என்னோட இடம்.

ஸ்பேனரை மாற்றிப் பிடித்தேன்.
முதலில் ஒன்றுமில்லை.
தோள் பலகையில் இடித்தது.
எங்கோ ஆறாவது மாடியில் யாரோ நாற்காலி இழுத்தார்கள்.
பிறகு டக்கென்று ஒரு சத்தம்,
முதுகெலும்பில் சொடக்கு எடுத்ததுபோல.

"என்னாச்சு?"
"இடம் கொடுத்துருச்சு."
"எந்தப் பக்கம்?"

பதில் சொல்ல வாய் திறந்தேன்.
குழாயில் மிச்சமிருந்த மூன்று நாள் துருத்தண்ணீர்
நேராக உள்ளே இறங்கியது.
அடியில் பேசின் வைக்க மறந்திருக்கிறேன்.